முக்கோணம் அடிச்சிருக்கு

எனக்குப் படிக்க வராது. ஆனால் உடுப்பின் கழுத்துச் சீட்டில் இருக்கும் படங்கள் அத்தனையும் தெரியும். தொட்டி என்றால் தண்ணீர். முக்கோணம் என்றால் பிளீச். அதனால் எங்கள் சலவைக் கூடத்தில் பிளீச்சுக்குப் பெயரே முக்கோணம்தான். 'முக்கோணம் அடி' என்றால் பிளீச் ஊற்று.

போன வாரம் சீட்டுப் படங்களைத் திருத்த ஒரு பெண் வந்தாள். உலையருகே வேலை செய்யும் உலைக்காரர்களின் உடுப்பில், முக்கோணத்தின் மேலிருந்த பெருக்கல் குறி தேய்ந்துபோகிறதாம். அதற்குப் பதில் தடித்த கோடு ஒன்று இழுத்தாள்.

"பெரியவரே, முக்கோணம் அடிச்சிருந்தா பிளீச் கூடாது. பட்டுச்சுன்னா உடுப்பு நெருப்பைத் தாங்காது."

அவளுக்கு அடிப்பது என்றால் கோடு போட்டு நீக்குவது. எங்களுக்கு அப்படி இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. முந்தின நாள் நான் ஒன்று சொன்னதற்கு, "படத்தைப் பார்த்தா போதும், கதை வேணாம்" என்று சிரித்தவள். படித்த பிள்ளை, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விழுங்கிவிட்டேன்.

நேற்று மாலை உலைக்காரர்களின் மூட்டை வந்தது. என் மகன் உடுப்பும் அதில்தான். மெஷினில் நின்றவன் சோப்பு. எதைக் கொடுத்தாலும் கையிலிருந்து வழுக்கிவிடும், அதனால் அந்தப் பெயர். அவள் கோடு இழுத்துச் சொன்ன அன்று அவன் லீவு.

மெஷின் இரைச்சலில், அவள் சொன்ன வார்த்தையிலேயே கத்தினேன்: "டேய், முக்கோணம் அடிச்சிருக்கா பாரு!"

"அடிச்சிருக்கு மாமா!"

நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

காலையில் கூடத்துக்குள் நுழைந்ததுமே மூக்கில் ஏறியது.

"என்னடா நெடி?"

"முக்கோணந்தான். சீட்டுல ஒரு கோடு இருந்துச்சு, சரி, ஒரு குவளைன்னு அடிச்சேன். உங்க மகன் உடுப்பு இருந்த மெஷினுக்கு மட்டும் ரெண்டு. நம்ம பயலாச்சே!"

வண்டி ஆறு மணிக்கே உடுப்புகளை ஏற்றிப் போயிருந்தது. மகன் போனை எடுக்கவில்லை; உலைக்காரர்கள் போனை வாசலிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

உலைத் தொழிற்சாலை அடுத்த தெரு. ஓடினேன்.

"எம்மகனை வெளிய கூப்பிடுய்யா. உடுப்பு செத்துப்போச்சு!"

"உடுப்பு எங்கய்யா சாகும்? முதல்ல மூச்சு விடு" என்று சிரித்துக்கொண்டே காவலாளி போனை எடுத்தான்.

கம்பிக்கு அப்பால் அவர்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். என் மகனை முதுகைப் பார்த்தே தெரியும், இடது காலைச் சற்று இழுப்பான். அந்த உடுப்பை இத்தனை வெளுப்பாக நான் பார்த்ததே இல்லை.

கத்தினேன். அதற்குள் உலை திறக்கும் மணி அடித்துவிட்டது.