மூன்றாவது நொடி

அந்த ஸ்டூடியோவில் மௌனத்துக்கு விலை நிர்ணயித்திருந்தார்கள். நேரலையில் மூன்று நொடி வரை இலவசம். நான்காவது நொடிக்கு யாராவது ஒருவருடைய வேலை.

அந்த வேலை தன்னுடையதாக இருக்கும் என்று க்ளவுஸ் நினைத்துக்கொண்டிருந்தாள். நாட்டுக்காகப் பத்து வருடம் கால்பந்து கோல்கீப்பராக நின்றவள், இப்போது தொலைக்காட்சியில் ஆட்டத்தை அலசுபவள். பழக்கத்தில் கையுறைப் பெயரே ஒட்டிக்கொண்டது. இறுதிப் போட்டி முடிந்ததும் அவளை அடுத்த சீசனுக்கு வைத்துக்கொள்வதா என்று இயக்குநர் சொல்வதாக ஏற்பாடு. "கேப்டன்கூட மல்லுக்கட்டாதீங்க. அந்தம்மாவ சமையல் நிகழ்ச்சிக்கு அனுப்புங்கன்னு நேயர்கள் இப்பவே எழுதறாங்க" என்று காலையிலேயே காதில் போட்டிருந்தார்.

கேப்டன் பழைய நட்சத்திரம், முன்கள ஆட்டக்காரர். இடைவேளைக்கு முன் அலசல்காரர்கள் பக்கத்து அறையில் கூடிப் பாயிண்ட் பிரித்துக்கொள்வது அங்கே வழக்கம். இருவரும் ஒன்றையே சொல்லக் கூடாதல்லவா? தான் கண்டதை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும், மூத்தவர் முதலில் எடுத்துக்கொள்வார். பதினான்கு வாரமாக மூத்தவர் எடுத்துக்கொண்டது அவளுடையதை. அவளுக்கு மிஞ்சியது, 'வீரர்களின் மனைவிமார் இப்போது எப்படித் தவிப்பார்கள்' என்ற கேள்வி.

"உன் சரக்கு அடுத்தவன் கடையில நல்லா ஓடுதேம்மா" என்றார் வீட்டில் மாமனார். ஜவுளிக்கடை வைத்திருந்தவர், வேறு எப்படிச் சொல்வார்.

அன்று இறுதிப் போட்டி. முதல் பாதி கோலில்லாமல் முடியப் போகிற நேரம். பக்கத்து அறையில் கேப்டன் காலை நீட்டிக்கொண்டு கேட்டார்.

"சொல்லு க்ளவுஸ். என்ன பார்த்த?"

"இடது பக்கக் கார்னர் வந்தா சிவப்பு அணி கோல்கீப்பர் அடிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டடி வெளிய வந்துடறார்."

"சூப்பர். அது எனக்கு."

காரணத்தையும் சொல்ல வாயெடுத்தாள், வாயை மூடிக்கொண்டாள். பதினான்கு வாரத்தில் முதல் முறையாக முழுத் துணியையும் விரித்துக் காட்டவில்லை.

ஸ்டூடியோ விளக்குகள் எரிந்தன. கேப்டன் திரையைத் தட்டித் தட்டிக் காட்டினார். "பாருங்க, கோலை விட்டு வெளிய வர்றார். ரெண்டாவது பாதியில இவர் தலைக்கு மேல தூக்கிப் போட்டா போதும், கோல்தான்."

தொகுப்பாளர் தம்பிக்கு ஆர்வம் அதிகம். "ஏன் கேப்டன் அப்படி வர்றார்?"

"அனுபவம் பத்தாது. சின்னப் பையன், பதற்றம்."

"அவருக்கு முப்பத்தெட்டு வயசு, கேப்டன். லீக்லயே மூத்தவர்."

கேப்டன் சிரித்தார். சிரிப்பு முடிந்தது. அதற்குப் பின்னால் எதுவும் வரவில்லை.

ஒரு நொடி. கேப்டன் திரையில் தட்டிய இடத்தையே மறுபடி தட்டினார். இரண்டாவது நொடி. காதுக்குள் இயக்குநர், "யாராவது பேசுங்க, யாராவது" என்று பல்லைக் கடித்தார். பேசாமலிருந்தால் இந்த மனிதர் இன்றோடு காலி. பதினான்கு வாரம் அவள் காத்திருந்த காட்சி. அடித்த பந்தைப் பிடிப்பது கை, யோசனையைக் கேட்டுக்கொண்டிருக்காது. மூன்றாவது நொடியில் அவள் வாய் திறந்தது.

"என் பேச்சை நம்பித்தான் கேப்டன் சொன்னார். காரணத்தை அவர்கிட்ட சொல்லாம விட்டது நான். அந்தக் கோல்ல நானே நின்னிருக்கேன். இடது கார்னர்ல இருந்து பந்து எழும்பினா மைதான விளக்கு கண்ணுல அடிக்கும், பந்து தெரியாது. வெளிச்சத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி பிடிக்கத்தான் வெளிய வர்றார். தப்பு ஆள்கிட்ட இல்ல, அந்தப் பக்கத்துல இருக்கு. இடைவேளைக்கப்புறம் பக்கம் மாறிடும். சிவப்புக்காரருக்கு விளக்குத் தொல்லை கிடையாது. இனி அந்தக் கோல்ல நிக்கப்போற நீல அணிக்காரர்தான் கவனமா இருக்கணும்."

விளம்பரம் ஓடியது. காதுக்குள் இயக்குநர் விளம்பரத்தின் நொடிகளை மட்டும் எண்ணினார். அது திட்டைவிட மோசம்.

இரண்டாம் பாதியில் ஒரு இடது கார்னருக்காக அவள் நகம் கடித்தாள். வந்ததெல்லாம் வலது. ஆட்டம் முடியும் தறுவாயில்தான் இடது கார்னர் வந்தது. நீல கோல்கீப்பர் ரெண்டடி வெளியே வந்தார். பந்து அவர் தலைக்கு மேல் போனது, மேல்கம்பத்தில் மோதி வெளியே தெறித்தது.

"அடடா" என்றார் கேப்டன், தன்னை மறந்து.

கோல் இல்லை. கோப்பை கடைசியில் பெனால்டியில் நீலத்துக்குப் போனது.

மைக்கைக் கழற்றுவதற்குள் இயக்குநர் வந்துவிட்டார். "அடுத்த சீசன் வாங்க. ஆனா கொஞ்சம் சுருக்கமா பேசணும்."

"சுருக்கிக்கறேன். பாயிண்ட் பிரிக்கறதை நிறுத்திடுங்க. அவங்கவங்க கண்ணு, அவங்கவங்க பேச்சு."

அவர் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் தரையைப் பார்த்தார். "சரி, நிறுத்திடலாம்" என்றார் இயக்குநர்.

படியிறங்கும்போது கேப்டன் கூடவே வந்தார். "முன்னாடியே முழுசா சொல்லியிருக்கலாமே, க்ளவுஸ்."

"பதினாலு வாரம் முழுசாத்தானே சொன்னேன், கேப்டன்."

போனில் மாமனார் எடுத்த எடுப்பில் கணக்குக்கு வந்தார். "கொடுத்த பாயிண்ட் பதினஞ்சு. உன் பேர்ல திரும்பினது?"

"ஒண்ணு, மாமா. பாக்கி பதினாலு."

"வாராக்கடன்னு எழுதிடலாமா?"

"எழுதாதீங்க. ஆள் அடுத்த சீசனும் பக்கத்து நாற்காலியிலதான் இருப்பார்."