மார்புக் கவசம்

மாலை ஐந்து ஐம்பதுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு ஷிப்ட் முடிவது ஆறரைக்கு. செருப்பைக் கழற்றவில்லை. கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளைப் போட்டான். கீழ்த் தாழ்ப்பாளை நாங்கள் போடுவதே இல்லை, துருவேறி இறுகிப் போனது. அதைக் காலால் உதைத்து இறக்கினான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். அன்று விடுமுறை. மேசையில் உட்கார்ந்து ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தேன். அவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இது என்னடி?"

போனில் ஒரு மேடை. நரி முகமூடி போட்ட ஒரு பெண் வாளை உயர்த்தி நிற்கிறாள். மார்பில் செம்பு நிறக் கவசம். வயிறு வெறுமை. இடது தொடையில் ஒரு பட்டை. கீழே முந்நூறு பேர் எழுதியிருந்தார்கள். முகமூடிக்கே துணி தீர்ந்து போச்சாம், பாவம், என்று ஒருவன். இது வேஷப் போட்டியா, விலைக்கு நிக்கிற எடமா, என்று ஒருத்தி. இவ வீட்டுல ஆம்பளையே இல்லையா, என்பதற்கு நூற்றுப்பத்து விருப்பங்கள்.

"யாரோ," என்றேன்.

அறைந்தான். காதுக்குள் ஒரு விசில் தொடங்கி, நிற்கவில்லை.

"யாரோவா? தொடையில சுத்தியிருக்கற பச்ச வெல்வெட்டு நான் வெட்டினது. மிச்சத் துண்ட எடுத்துட்டு வந்து உன் கையில குடுத்ததும் நான்தான். பக்கத்து டேபிள்காரன் காட்டுறான், 'மாஸ்டர், நம்ம துணி மாதிரியே இருக்குல்ல?'ன்னு. மொத்த ஃப்ளோரும் பல்ல இளிக்குது."

அவன் ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். பதினெட்டு வருடமாகத் துணி வெட்டுகிறான். துணியை அடையாளம் கண்டுகொண்டான். அது சுற்றியிருந்த உடம்பைக் கண்டுகொள்ளவில்லை. அவமானத்தில் படத்தை இரண்டு நொடிக்கு மேல் பார்த்திருக்க மாட்டான்.

படத்தில் இருந்தது அண்ணி.

எனக்கு இந்த மாதிரி வேடங்களைச் செய்யத்தான் பிடிக்கும், போட்டுக்கொண்டு நிற்க வராது. ஃபோம் ஷீட்டை வெட்டி, சூடு காட்டி வளைத்து, வண்ணம் பூசி, நான்கு மாதம் அந்த நரி வேடத்தைச் செய்தேன். பாதியில் ஒருநாள் அண்ணி வாளை எடுத்துச் சும்மா ஒரு சுழற்றுச் சுழற்றினாள். அவ்வளவுதான், அதன் பிறகு எல்லாவற்றையும் அவள் அளவுக்கே வெட்டினேன். முகம் தெரியாதுல்ல, என்று மட்டும் கேட்டாள். பல் டாக்டரிடம் போவதாக அவனிடம் சொல்லிவிட்டுப் போட்டிக்குப் போனோம். மேடையில் ஏழு நிமிடம் நின்றாள். திரும்பும்போது பேருந்தில், "ஏழு நிமிஷம் யாருமே என்ன எதுக்கும் கூப்பிடலடி," என்றாள்.

போன வருடம் வாசலில் நின்று தண்ணீர் வண்டிக்காரரிடம் சிரித்துப் பேசியதற்கு அவளுடைய முழங்கையை உடைத்தான். படியில் வழுக்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். சிரிப்புக்கு முழங்கை. இதற்கு என்ன என்று யோசிக்க நான் விரும்பவில்லை. படத்தில் இருப்பது நான் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்வரை அவள் உயிரோடு இருப்பாள்.

"நான்தான்," என்றேன்.

முடியைப் பிடித்து இழுத்து என்னை மேசையில் மோதினான். புருவம் கிழிந்தது. திருகாணிகள் தரையில் சிதறின. அண்ணி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. என் கண் போகும் பக்கம் அவன் கண்ணும் போகும்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் அண்ணி. குரல் மட்டும் கேட்டது. "முகத்த மூடிக்கிட்டா மானம் போவாதுன்னு நெனப்பு. கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு செய்யற வேலையா இது? தூ."

நன்றாகச் சொன்னாள். நானே நம்பியிருப்பேன்.

"எந்தக் கையால செஞ்ச?"

அவனுக்குத் தெரியும். வலது கையைப் பிடித்து மேசை இழுப்பறைக்குள் திணித்து, இடுப்பால் மோதி மூடினான். ஒருமுறை. பிறகு இன்னொருமுறை. இரண்டாவது முறை சத்தம் கேட்டது. நான் கத்தினேனா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் டிவியின் ஒலியைக் கூட்டினார்கள்.

அவன் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்துக் கொட்டினான். முகமூடியை மிதித்தான். வாளை முழங்காலில் வைத்து ஒடிக்கப் பார்த்தான், வெறும் ஃபோம் என்பதால் ஒடியாமல் வளைந்தது. அது அவனை இன்னும் வெறியேற்றியது. பற்களால் கிழித்தான். பிறகு கவசத்தை எடுத்தான்.

"போடு."

"அண்ணா."

"போடுடி. ஊரே பாத்துச்சில்ல? கூடப் பொறந்தவன் பாத்தா தேஞ்சிடுவியா?"

"ஏங்க, அத எதுக்குக் கையில தொட்டுக்கிட்டு!" அண்ணி ஓடி வந்தாள். கையில் தீப்பெட்டி இருந்தது. "குடுங்க இப்படி. நானே கொளுத்திடறேன். கண்ராவி, வீட்டுல இருக்கவே வேணாம்."

"நீ தள்ளு."

"குடுங்கங்கறேன்ல!"

அவளை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். சுவரில் மோதி நின்றாள். தீக்குச்சிகள் கொட்டின.

சட்டைக்கு மேலேயே கவசத்தை என் தலைவழியாக இறக்கினான். பின்புறம் ஒரு வார், ஒரு கொக்கி. என் விரல்கள் மடங்கவில்லை, தடித்து வேறு யாருடையவோ போலத் தொங்கின. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை இழுத்து நெஞ்சை விரித்துக்கொண்டேன்.

"ஏன், நடிப்பா? அன்னிக்குப் போட முடிஞ்சதுல்ல?"

என்னைத் திருப்பி நிறுத்தினான். வாரை அவனே இழுத்தான். ஒரு துளை, இன்னொரு துளை, கடைசித் துளை. அதற்கு மேல் வார் இல்லை. கவசம் என் மார்பில் கூடைபோலத் தொங்கியது. முதல் துளையில் மட்டும் கொக்கி அழுந்திய தடம் இருந்தது. அவன் கட்டைவிரல் அந்தத் தடத்தில் போய் நின்றதை முதுகில் உணர்ந்தேன்.

மூச்சை விட்டுவிட்டேன். அதற்கு மேல் பிடிக்க முடியவில்லை.

விலாவுக்கும் கவசத்துக்கும் நடுவில் அவன் விரல்களை நுழைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதும் போயிற்று. அவனுடைய கை என்மீது இருந்தது, ஆனால் அந்தக் கை இப்போது என்னை அடிக்கிற கை இல்லை, வேலை செய்கிற கை. தட்டிப் பார்த்தது. அக்குள் வளைவின்மேல் ஒருமுறை ஓடியது. தோளிலிருந்து கீழே ஒரு சாண் அளந்தது. மறுபடி அளந்தது.

கொக்கியைக் கழற்றினான். கவசத்தை என் தலைவழியாக மெதுவாக எடுத்தான், புருவத்து ரத்தம் படாமல்.

அண்ணி சுவரோரம் குனிந்து தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத விடு," என்றான் அண்ணன். "இங்க வந்து கையத் தூக்கி நில்லு."