சாயம் போகிற பென்சில்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒருமுறை வாயை மூடிக்கொண்டிருந்ததால் உண்டான கதை இது.

1969, மாசி மாதம். காஞ்சிபுரத்தில் ஒரு பேப்பர்க் கடையில் மைப்புட்டி வாங்கக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் ஒரு கலர் பென்சிலால் காகிதத்தில் கோடு போட்டாள். விரலை நாக்கில் தொட்டு அந்தக் கோட்டின்மேல் தேய்த்தாள். நிறம் கரைந்து ஓடியது. "சாயம் போவுதுண்ணா" என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அது தண்ணீர் தொட்டுக் கரைப்பதற்கென்றே செய்த பென்சில். அந்தக் கடையிலேயே உயர்ந்த பெட்டி. எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவள் போய்விட்டாள்.

நடந்தது அவ்வளவுதான். இனிமேல் வருவதெல்லாம் கற்பனை. மரியாதையாகச் சொன்னால் பிராயச்சித்தம்.

2

தொடக்கம் அமையாமல் படுத்துகிறது.

[காஞ்சியின் கோபுரங்கள் காலை வெயிலில்—

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் எல்லாரும் கோபுரத்தில்தான் ஏறுகிறார்கள். அவள் பென்சில் வாங்க வந்தவள்.]

[அவள் பெரிய அழகியில்லை, ஆனால் அந்தக் கண்களில்—

பொய். முகத்தை நான் பார்க்கவே இல்லை. விரலைத்தான் பார்த்தேன்.]

சரி, விரலிலிருந்தே தொடங்குகிறேன். பெயர் அம்சா என்று வைத்துக்கொள்வோம். வயது பத்தொன்பது. அப்பா தணிகாசலம் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் கையைப் பார்த்தாலே அன்றைக்குக் கொப்பரையில் என்ன நிறம் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். சாயம் ஏற்றிய நூலை அவர் அப்படியே கொடுத்துவிட மாட்டார். நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்துத் தேய்ப்பார். துணியில் துளி ஒட்டினாலும் நூல் மறுபடி கொப்பரைக்குப் போகும். எது நல்லது, எது கெட்டது என்பதற்கு அந்த வீட்டில் அது ஒன்றுதான் பரீட்சை.*

* மாப்பிள்ளை வந்தாலும் தணிகாசலம் நனைத்துத் தேய்த்துப் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுப்பார் என்று தெருவில் கேலி உண்டு.

3

அம்சா தறிக்குத் தார் சுற்றுகிறவள். காலையிலிருந்து ராட்டினத்தில் உட்கார்ந்து நூலைச் சின்னக் குழலில் ஏற்றவேண்டும். ராட்டினம் ஓயும் நேரத்தில், கிடைத்த காகிதத்தில் அன்னமும் மாங்காயும் வரைவாள்.

நெசவாளர் சங்கம் ஒன்றில் டிசைன் போட ஆள் எடுத்தார்கள். கட்டம் போட்ட காகிதத்தில், கட்டம் கட்டமாக நிறம் நிரப்பி, புடவைக் கரையை வரைய வேண்டும். திங்கட்கிழமை பரீட்சை. அம்சாவுக்கு வந்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது: 'தரமான கலர் பென்சில்கள் தாமே கொண்டுவரவும்.'

அந்தத் 'தரமான' என்ற வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை. வேலை கிடைத்தால் நாள் முழுக்க வரையலாம். கிடைக்காவிட்டால் மறுபடி ராட்டினம். ராட்டினத்தின்மேல் அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் அது இரண்டு கையையும் எடுத்துக்கொள்ளும்.

4

கடைக்காரர் பெயர் தேவசகாயம்.

"கலர் பென்சில் குடுங்கண்ணா. தரமானதா."

"தரமில்லாதது நம்ம கடையில எதும்மா இருக்குது?"

இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் அட்டைப்பெட்டி. மற்றது, சீமையிலிருந்து வந்த தகரப்பெட்டி. ஒரு டிராயிங் வாத்தியார் சொல்லிவைத்துவிட்டு வராமலே போனதால் அட்டைப்பெட்டி விலைக்கே தருகிறேன் என்றார்.

அம்சா பென்சில்களைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். உள்ளிருக்கும் நிறக்குச்சி மரத்துக்கு நட்டநடுவில் இருக்க வேண்டும். ஓரமாகச் சாய்ந்திருந்தால் பிளேடு பட்டதும் உடையும். அட்டைப்பெட்டியில் இரண்டு சாய்ந்திருந்தன. தகரப்பெட்டியில் ஒன்றுகூட இல்லை.

"அரக்கு இருக்குதாண்ணா?"

"செவப்பு இருக்குதும்மா."

"செவப்பு இல்லண்ணா. அரக்கு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஞாயித்துக்கெழமை மாதா கோயிலுக்கு வெள்ளை கட்டிக்கினு போறவன் நானு."

தகரப்பெட்டியில் அரக்கே இருந்தது. கோடு போட்டாள். வெண்ணெய் தடவினாற்போல இறங்கியது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"மூடியில பிரஷ் படம் போட்டிருக்குதே, பிரஷ் எங்கண்ணா?"

"அது சும்மா அழகுக்கும்மா."

அப்புறம் அவள் விரலை நாக்கில் தொட்டாள். மீதி உங்களுக்குத் தெரியும்.

5

இந்த இடத்தில்தான் என்னைக் கதைக்குள் நுழைத்தேன். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குக் காகிதத்திலாவது சொல்லிவிட வேண்டாமா?

"ஏம்மா, அது கரையறதுக்குன்னே செஞ்ச பென்சில்" என்றேன். "பிரஷ்ஷைத் தண்ணியில தொட்டுத் தடவினா பெயிண்ட் மாதிரி ஆயிடும். ரொம்ப ஒசத்தி."

[அவள் கண்கள் நன்றியால்—

இல்லை. அப்படித்தான் எழுத நினைத்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை.]

அம்சா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டிசைன் பேப்பரு எங்க போவும் தெரியுமா சார்?"

"எங்கே?"

"தறிக்காரங்க வூட்டுக்கு. பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட கையோட தொடுவாங்க. மழை பேஞ்சா ஓடு ஒழுவும். கொழந்தைங்க சொம்பைத் தட்டிவுடும். ஒரு கட்டத்துக் கலரு பக்கத்துக் கட்டத்துல ஓடிச்சின்னா அன்னத்துக்கு ரெண்டு மூக்கு வந்துடும். நெய்ஞ்ச பொறவு ரப்பர் போட்டு அழிக்க முடியுமா?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு பெண் அறியாமல் தப்புச் செய்தாள், அறிந்தவன் தடுக்கவில்லை என்று இத்தனை நாளும் எவ்வளவு பெருமையாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்! சாயம் வெளுத்தது எனக்குத்தான். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அவள் அட்டைப்பெட்டியையே எடுத்துக்கொண்டாள். சாய்ந்திருந்த இரண்டையும் வேறு பெட்டியிலிருந்து மாற்றித் தரும்வரை தேவசகாயத்தை விடவில்லை. "செவப்புமேல காப்பிப்பொடி கலரை அழுத்திப் போட்டா அரக்கு வந்துடும்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

தகரப்பெட்டியை மூடுவதற்கு முன் அந்த அரக்குப் பென்சிலை ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். இதை நான் திட்டமிடவில்லை. அவளாகச் செய்தாள்.

6

முடிவு.

முதல் முயற்சி: பரீட்சையில் அதிகாரியின் கை பட்டுத் தண்ணீர் டம்ளர் கவிழ்கிறது. எல்லார் படமும் கரைந்துபோக, அம்சாவின் படம் மட்டும்— [அடித்துவிட்டேன். எனக்கே கூச்சமாக இருக்கிறது.]

இரண்டாவது: பக்கத்து இடத்தில் காந்தா என்றொரு பெண். அவள் கையில் அதே தகரப்பெட்டி, கூடவே ஒரு பிரஷ். அவள் வரைந்த மயில் காகிதத்தைவிட்டு இறங்கி நடந்துவிடும்போல் இருக்கிறது. அம்சாவின் அன்னம் கொஞ்சம் மங்கல். ஆனால் ஒரு கட்டம்கூடக் கோடு தாண்டவில்லை. அதிகாரி இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். அவர் தறியை நினைத்துப் பார்ப்பாரா, என்னைப்போலப் படத்தை மட்டும் பார்ப்பாரா?

எனக்குத் தெரியவில்லை. எது தரம் என்று ஏற்கெனவே ஒருமுறை தப்பாகத் தீர்ப்புச் சொன்னவன் நான். மறுபடி அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன்.

அதனால் கீழே ஒரே ஒரு வரி எழுதிவைக்கிறேன். நீங்கள் அம்சா செய்தபடி செய்யுங்கள். விரலை நாக்கில் தொட்டு அதன்மேல் தேய்த்துப் பாருங்கள். கரைந்து ஓடினால், என் மனச்சமாதானத்துக்காக நான் எழுதிய பொய். நின்றால், நடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, அம்சா ராட்டினத்தில் உட்காரவில்லை.