ஸ்டில் என்றால் அசையாதே

அப்பாவின் முழங்கை மூத்தவனின் வாயில் இறங்கியது. உதடு கிழிந்து சட்டைக் காலரில் ரத்தம் சொட்டியது. எண்பத்துநாலு வயது, மூன்று நாளாகத் தொண்டையில் ஒரு வாய்த் தண்ணீர் இறங்கவில்லை, அந்த உடம்புக்குள் இத்தனை வெறி எங்கே ஒளிந்திருந்ததோ! மூக்கில் செருகியிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்தார். காலைப் பிடித்திருந்த தங்கையின் வயிற்றில் உதைத்தார்.

"கட்டிலோட கட்டிடலாம்ணா. என்னால முடியல."

"வாயை மூடு. நம்ம அப்பாவை மாட்டைக் கட்டற மாதிரி கட்டறதா?"

அடுத்த உதையில் தங்கை சுவரில் மோதி விழுந்தாள். மூத்தவனின் தொண்டையிலிருந்து, அவனை அறியாமலே, அந்தச் சொல் வெடித்தது.

"ஸ்டில்!"

அது அப்பாவின் சொல். போட்டோ ஸ்டுடியோவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, எதிரே இருப்பவர்களிடம் சொல்வது. அசையாதே, மூச்சைப் பிடி என்று அர்த்தம். வீட்டுக்கு வந்தபோது அதோடு பெல்ட்டும் வந்தது. பிள்ளைகள் இருவரும் கைகளைத் தொடையோடு ஒட்டி நிற்க வேண்டும். அசைந்தால் அடி முதலிலிருந்து தொடங்கும். தங்கை ஒருநாள் பள்ளிக்கூட அகராதியைப் புரட்டிவிட்டு, "ஸ்டில்னா 'அமைதியான'ன்னும் போட்டிருக்குண்ணா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது அப்பாவின் கைகள் இறங்கித் தொடையோடு ஒட்டிக்கொண்டன. முகவாய் நிமிர்ந்தது. கண்கள் மகனையே பார்த்தன. அவற்றில் கோபம் இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்தார். விடவில்லை.

"போதும்ப்பா! மூச்சு விடுங்கப்பா!" தங்கை அவரைப் போட்டு உலுக்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மூத்தவன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

"தூக்கத்துலயே போயிட்டாரு. யார் கேட்டாலும் அதுதான். குடும்ப மானம், புரியுதா?"

அவள் குனிந்து, தரையில் கிடந்த மூக்குக் குழாயை எடுத்தாள்.

மதியத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. மூத்தவன் முதுகு வளையாமல் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கும்பிட்டான். ஸ்டுடியோவில் விளக்குப் பிடித்த கிழவர் வந்தார். எல்லோருக்கும் அவர் 'லைட்டு'.

"என்னா மனுஷன்! ஸ்டில்னு ஒரு வார்த்தை சொன்னா, வீல்னு கத்தற கைக்குழந்தைகூட கப்சிப். அது என்ன சும்மாவா வந்துச்சு தம்பி? தொழில் கத்துக்குடுத்த பழைய முதலாளி, அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே இவரைப் பிரம்பால வெளுப்பாராம். எங்கிட்ட ஒரேயொரு தடவை சொன்னாரு." மூக்கைச் சிந்தினார். "அதென்ன தம்பி, உதடு வீங்கியிருக்கு?"

"கதவு இடிச்சிருச்சு."

"அப்பா அடிச்சாரு."

அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த தங்கை சொன்னாள். கூடம் முழுக்கக் கேட்டது.

"தூக்கத்துல போகலை. பயந்து போனாரு. அந்த வார்த்தையைக் கேட்டு, நாங்க சின்னதுல பயந்த மாதிரியே பயந்து."

அந்த வார்த்தையைச் சொன்னது யார் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

மூத்தவன் நாலே எட்டில் அவளிடம் வந்தான். கையை ஓங்கினான். யாரும் தடுக்கவில்லை. அவளும் முகத்தைத் திருப்பவில்லை. ஓங்கிய கை, எங்கே இறங்குவதென்று தெரியாமல் அப்படியே நின்றது.

லைட்டு ஒரு நாற்காலியை இழுத்து அவன் பின்னால் போட்டார். அவன் அதில் உட்காரவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் இறங்கினான்.

தங்கை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.