ஹிஸ்கேயின் தேநீரில் பால்

ஒரே பாத்திரத்தில் காய்ச்சிய தேநீர்தான். முதல் நாள் இரவு ஒரு கோப்பை குடித்தால் என் மனைவி ஹிஸ்கே விடியும்வரை அசையாமல் தூங்குவாள். மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி வைத்து மூன்றாம் நாள் குடித்தால், வெறும் வெந்நீர் குடித்த மாதிரி, வலது தோளைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாள். நிறம் மாறவில்லை, வாசனை மாறவில்லை. நடுவில் என்ன ஆனது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

இது கஞ்சாப் பூவில் போடும் தேநீர். நெதர்லாந்தில் இருக்கிறோம்; டாக்டர் சீட்டைக் காட்டி, எங்கள் ஸ்னேக் ஊர் மருந்துக்கடையில் வாங்குகிறோம். போன வருடம் ஹிஸ்கேவுக்குத் தோளில் அக்கி வந்தது. கொப்புளம் ஆறிவிட்டது, நரம்பு ஆறவில்லை. சட்டைத் துணி உரசினாலே நெருப்புப் பட்ட மாதிரி துடிப்பாள்.

முதலில் கொடுத்த மாத்திரையில் வலி குறைந்தது, தலையும் மங்கிப்போனது. படகுகளுக்கு வண்ணம் அடிப்பது அவள் தொழில். கால்வாயின் அக்கரையிலிருந்தே, அவள் இழுத்த கோட்டைப் பார்த்தே, இது ஹிஸ்கே அடித்த படகு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் ஒரு படகின் ஒரே பக்கத்துக்கு இரண்டு தடவை நீலம் அடித்துவிட்டு, மறுபக்கத்தை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று அழுதாள். அதன் பிறகுதான் டாக்டர் இந்தத் தேநீரை எழுதிக் கொடுத்தார். இதுவும் சரியாக வேலை செய்யாவிட்டால் மறுபடி மாத்திரைதான் என்றும் சொல்லியிருந்தார். மாத்திரை போட்டால் தலை மங்கும், தூக்கம் கெட்டால் கை நடுங்கும். எதுவானாலும் தூரிகையைக் கீழே வைக்க வேண்டியதுதான்.

தினமும் புதிதாகக் காய்ச்சலாம்தான். ஆனால் மாதத்துக்குக் கொடுக்கும் பூ வாரத்திலேயே தீர்ந்துவிடும்.

நான் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். எது கெட்டாலும் முதலில் வெப்பத்தைத்தான் சந்தேகப்படுவேன். பாட்டிலை எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் மிகக் குளிர்ந்த தட்டுக்கு மாற்றினேன். வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

"வோப்கே, உன் பெட்டி நல்லாத்தான் இருக்கு. அதைக் குடையாதே" என்றாள்.

"அப்ப தேநீர்தான் கெட்டுப்போகுது."

"கெட்டுப்போனா நாறுமே, உன் சாக்ஸ் மாதிரி."

ஒரு காலை, காலியான பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தவள் சத்தமாகக் கூப்பிட்டாள். "இங்க வா. உள்ள விரலை விட்டுப் பாரு."

விட்டேன். கழுத்தின் உட்புறம் பழுப்பாக ஒரு படலம், விரலில் ஒட்டியது.

"வெந்நீர் ஊத்தினேன், சோப்பு போட்டேன், போகல. இப்பப் பாரு." துணியில் சமையல் எண்ணெயைத் தொட்டு ஒரு தடவை துடைத்தாள். கண்ணாடி பளிச்சென்று ஆனது.

"வார்னிஷ் அடிச்ச பிரஷ்ஷை நீ தண்ணியில கழுவினா நான் என்ன செய்வேன்?" என்று கேட்டாள்.

"திட்டுவே."

"ஏன்?"

"வார்னிஷ்ல இருக்கிற பிசின் தண்ணியில கரையாது, எண்ணெயிலதான்..." சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். மருந்து இருப்பது பூவின் பிசினில். கொதிக்கும்போது அதில் கொஞ்சம் தண்ணீரோடு வெளியே வந்து மிதக்கிறது. அது கரைவதில்லை. ஆற ஆறத் தண்ணீரை விட்டுவிட்டுப் பாட்டிலின் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. முதல் நாள் கோப்பையில் பிசின் இருந்தது. மூன்றாம் நாள் அது கண்ணாடியில் இருந்தது.

"பாவம்" என்றாள் ஹிஸ்கே. "நான் முழிச்சிருந்தேன், பாட்டில் நல்லாத் தூங்கியிருக்கு."

"எண்ணெயைத்தான் அது பிடிச்சுக்குது. அப்ப தேநீர்லயே ஏதாவது கொழுப்பு கலக்கணும்" என்றேன்.

"வெண்ணெயா? வாயில வைக்க முடியாது. பால்?"

"தேநீர்லயா!"

எங்கள் ஃப்ரீஸ்லாந்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாடுதான் நிற்கும். பால் காபியில் ஊற்றுவோம், தேநீரில் மட்டும் ஊற்ற மாட்டோம்; அது இங்கிலீஷ்காரர்கள் பழக்கம். கேட்டுவிடலாம் என்று மருந்துக்கடை மார்லூஸை ஸ்பீக்கர்போனில் அழைத்தேன்.

"முதல் நாளே சொன்னேனே" என்றாள் மார்லூஸ். "காபிக்குப் போடுற பால்பவுடரைச் சூடா இருக்கும்போதே கலக்குங்கன்னு. நீங்க ரெண்டு பேரும் 'நாங்க என்ன இங்கிலீஷ்காரங்களா?'ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டீங்க."

ஹிஸ்கே போனுக்குக் கிட்டே வந்தாள். "நீங்க சொன்னதைக் கேட்கல, தப்புதான். ஆனா ஏன்னு நானே கண்டுபிடிச்சேன். அதுக்கு ஒரு சபாஷ் சொல்லுங்க."

"சபாஷ்! வார்னிஷ் வாங்குறப்ப உங்களையே கேட்கிறேன்."

அடுத்த பாத்திரத்தில் பால்பவுடர் போட்டோம். மூன்றாம் நாள் இரவு நான்தான் விழித்திருந்தேன், அவள் தூங்கும் மூச்சைக் கேட்டபடி. காலையில் தலை தெளிவாக எழுந்து படகுத்துறைக்குப் போனாள். மதியம் நான் காபி கொண்டுபோனபோது ஒரு வெள்ளைப் படகின் முனையிலிருந்து பின்பகுதிவரை கையெடுக்காமல் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். படகுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என் மனைவி" என்றேன், அவர் கேட்காமலே.

இப்போது நாங்கள் செய்வது இதுதான்: பூவை மூடிய பாத்திரத்தில் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டுகிறோம். சூடு ஆறுவதற்குள் பால்பவுடரைக் கலக்கிவிடுகிறோம். பாலின் கொழுப்பு பிசினைத் தேநீரிலேயே பிடித்து வைக்கிறது, பாட்டிலில் ஒட்டவிடுவதில்லை. குடிக்குமுன் ஒரு குலுக்கு. மூன்றாம் நாள் கோப்பையும் முதல் நாள் கோப்பையைப் போலவே வேலை செய்கிறது.