முழங்கைப் பேச்சு

பாட்டில் நிரப்பும் தொழிற்சாலையில் எட்டு வருஷம் நின்றால் வாய் வேலைக்கு ஆகாது. அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் எல்லாம் முழங்கைதான். இடது விலாவில் ஓர் இடி என்றால் இடப்பக்கம் பார். வலதில் என்றால் வலப்பக்கம். இரண்டு இடி விழுந்தால் மெஷினை நிறுத்து. அதே லைனில் நின்ற என் வீட்டுக்காரர் என்னைக் காதலித்ததே இந்த மொழியில்தான். வீட்டுக்கு வந்தாலும் எங்கள் தொண்டை இறங்காது, முழங்கையும் சும்மா இருக்காது.

எங்கள் மகள் வாலுவுக்கு இரண்டரை வயது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. பேச்சும் நாலைந்து சொல்லோடு நின்றுவிட்டது.

"அவ நெஞ்சழுத்தக்காரிடி, கேட்டும் கேக்காத மாதிரி இருக்கா" என்பார் நாத்தனார். சொல்லிவிட்டு, கையில் பட்டையைச் சுற்றித் தன் பிரஷரைப் பார்த்துக்கொள்வார். பிரஷர் ஏறியிருக்கும்.

எனக்கோ வேறு பயம். இவளை வயிற்றில் சுமந்துகொண்டு ஏழாம் மாதம்வரை அந்த மெஷின் பக்கத்தில் நின்றவள் நான். இவள் காது கெட்டது என்னால்தானோ?

காது பரிசோதிக்கும் அறையில் வாலு என் மடியில் உட்கார்ந்தாள். ஏதாவது ஒரு பக்கம் சத்தம் வரும். பிள்ளை அந்தப் பக்கம் திரும்பினால் அங்கே ஒரு பொம்மை முயல் விளக்கெரிய மேளம் கொட்டும். பரிசோதகர் என் தலையில் பாட்டு ஓடும் ஹெட்போனை மாட்டினார்.

"கழட்டிடாதீங்கம்மா. சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது."

தெரியக் கூடாதாம்! பெற்றவளுக்கு! அவர் கண்ணாடிக்குப் பின்னால் போனதும் நைசாக இரண்டு பக்கமும் காதைவிட்டு நகர்த்திவிட்டேன்.

இடது முயல் கொட்டியது. வலது முயல் கொட்டியது. வாலு ஒன்றைக்கூட விடவில்லை.

"சூப்பராக் கேக்குதே!" என்றார் பரிசோதகர்.

வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் ஏற்றி மாடிப்படியிலேயே ஆடினார். நாத்தனார் கைப்பையிலிருந்த பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்து, "நூத்தி இருபதுடி!" என்று கூவி, முன்பின் தெரியாத லிஃப்ட்காரருக்குக் கைகொடுத்தார். நேரே ஐஸ்க்ரீம் கடைக்குப் போனோம். வாலு மறுபடியும் என் மடியில்.

கடையில் வலப்பக்கம் ஒரு தட்டு விழுந்தது. வாலு திரும்பினாள். ஆனால் அதற்கு முன்பே என் வலது முழங்கை அவள் விலாவைத் தொட்டிருந்தது. எனக்குத் திக்கென்றது. சத்தமே இல்லாத இடப்பக்கம் மெல்ல ஓர் இடி கொடுத்தேன். சட்டென்று திரும்பி, சுவரில் முயலைத் தேடினாள்.

ஆக, பரீட்சை எழுதினது நான்.

"நாந்தாங்க இடிச்சிருக்கேன். எனக்கே தெரியாம" என்றேன்.

வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. "அதான் நல்லாக் கேக்குதுன்னு சொல்லிட்டாங்கல்ல. விடேன்."

எனக்கும் விட்டுவிடத்தான் ஆசை. அரை மணி நேரம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்! ஆனால் வாலு இன்னும் முயலைத் தேடிக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு திரும்ப ஓடினேன்.

இந்த முறை மடி நாத்தனாருடையது. அவர் தையல்காரி, அவர் முழங்கைக்கு எங்கள் பாஷை தெரியாது. முயல்கள் பெரும்பாலும் சும்மாவே இருந்தன.

"ரெண்டு காதும் மந்தம்தான். சின்னதா கருவி மாட்டினா நல்லாக் கேக்கும்" என்றார் பரிசோதகர். நான் அழுதபடி தொழிற்சாலையைப் பற்றிக் கேட்டேன். "இதுக்குக் காரணம் இதுதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. திரும்பி வந்து சொன்னீங்க பாருங்க, அது போதும்."

இரண்டு வாரம் கழித்துக் கருவி வந்தது. வாலு என் மடியில். காதுக்குப் பின்னால் இரண்டு நீல மொச்சைக்கொட்டை மாதிரி அது ஒட்டிக்கொண்டது. சுவிட்சைப் போட்டதுதான் தாமதம், மூன்று பேரும் தொழிற்சாலைத் தொண்டையில் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"வாலூ!"

அவள் திடுக்கிட்டுத் துள்ளினாள். எங்கள் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தன் குட்டி முழங்கையால் என் விலாவில் இடித்தாள்.

இரண்டு முறை.

மூன்று வாயையும் பொத்தினேன். எட்டு வருஷத்தில் எந்த மெஷினையும் நான் அவ்வளவு வேகமாக நிறுத்தியதில்லை.