வருஷத்துக்கு வாய் கிடையாது

எண்பத்தைந்தில் பிறந்த குரோதன வருஷம் முழுக்க எங்கள் இண்டூரில் யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. எல்லாவற்றையும் வருஷமே செய்தது. சித்திரை முதல் நாள் வெங்கடாசலம் வாத்தியார் பஞ்சாங்கத்தைப் பிரித்து, "குரோதனன்னா கோபம். பார்த்து நடந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். மழை ஏமாற்றியதும் வருஷம், மாயவன் கிணறு வற்றியதும் வருஷம். எதிர்வீட்டுக் குள்ளம்மாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு என்னோடு பேசிக்கொண்டிருந்ததில் அது பொங்கி வழிந்ததே, அதுவும் வருஷம். நானும் ஆமாம் போட்டேன். பேச்சை இழுத்தவள் நானாயிற்றே.

பக்கத்து வீட்டு மாதேஸ் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். தங்கமான பையன், பசி வந்தால் மட்டும் தகரம். அந்த ஆவணியில் குள்ளம்மாள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. ஆம்ப்ளிஃபயர் காலையிலிருந்தே மக்கர் பண்ணியது. மாதேஸ் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவன் பெண்டாட்டி சாலம்மாள் சோற்றுத் தட்டோடு வந்தவள், சும்மா கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். "பாட்டு கரகரங்குது, எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றாள். மாதேஸ் கையில் மைக். சுவிட்சை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

"உங்கண்ணன் வூட்டுல எனக்குக் குடுத்தது ரெண்டே ரெண்டு. ஒன்னு ஓட்டை ரேடியோ, இன்னொன்னு நீ. பேச வேண்டியப்ப ரெண்டும் பேசாது. வாய மூட வேண்டியப்ப ரெண்டும் கொரகொரங்கும்!"

புளியமரத்தில் ஒரு ஸ்பீக்கர் குழாய், கோயில் கூரைமேல் ஒரு குழாய். இரண்டும் ஒரே குரலில் சொல்லின. அதுவரை கரகரத்த செட் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி மாதிரி பேசியது. தருமபுரி பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த சாலம்மாளின் அண்ணன் தர்மன், நொறுக்கப்போன அப்பளத்தை அப்படியே இலையில் வைத்துவிட்டு எழுந்தான்.

சாலம்மாள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். வீட்டுக்குப் போய் அந்த ரேடியோவை எடுத்துக்கொண்டு, அண்ணனோடு மொரப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

திரும்பி வருவாளா, மாட்டாளா? எட்டு மாதம் எங்கள் தெருவுக்கு இதே பேச்சு. மாதேஸ் கேட்கிற நிலையில் இல்லை. மழை இல்லையென்று ஊரார் மாரியம்மன் பண்டிகையை நிறுத்திவிட்டதால் செட்டுக்கு ஒரு வேலையும் வரவில்லை. அவன் சோறு தீய்கிற வாசனை சுவரைத் தாண்டி வரும். நான் கொஞ்சம் குழம்பும் கூடவே ஒன்றிரண்டு கேள்வியும் கொண்டுபோய்க் கொடுப்பேன். குழம்பை மட்டும் வாங்கிக்கொள்வான்.

"விடுப்பா, வருஷம் அப்படி" என்று போகிறவர் வருகிறவர் எல்லாரும் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவனுக்கும் அது பிடித்துப்போயிற்று. "எல்லாம் வருஷக் கோளாறுக்கா" என்பான் என்னிடம்.

பங்குனி கடைசியில் தர்மனிடமிருந்து சேதி வந்தது. 'ஊரறியப் பேசினவன் ஊரறிய வந்து மன்னிப்புக் கேட்கட்டும். மைக்கிலேயே.' வாத்தியார் உடனே வாசகம் சொல்லிக் கொடுத்தார்: 'சென்ற குரோதன வருடத்தின் கோளாறால் என் வாயில் வந்த சொற்களுக்கு வருந்துகிறேன்.' மாதேஸ் அதைக் கவுஸ் பாஷாவின் ரேடியோ ரிப்பேர் கடையில் நின்று ஒப்பித்துப் பார்த்தான். டார்ச்சுக்கு பேட்டரிக் கட்டை வாங்க நானும் அங்கே போயிருந்தேன். வீட்டில் டார்ச் இருந்ததா என்பது வேறு விஷயம்.

பாஷா ஈயம் பற்றவைத்துக்கொண்டே கேட்டான். "மச்சான், எங்க கணக்குல குரோதனன்னு ஒரு வருஷமே கிடையாதே. அப்பறம் நீ கத்துனது மட்டும் எப்படி என் காதுல விழுந்துச்சு?"

"கிண்டல் பண்ணாத பாய்."

"கிண்டல் இல்ல. தங்கச்சி ரேடியோவக் கட்டிப்புடிச்சிக்கிட்டு இந்த வாசல் வழியாத்தான் போச்சு. நான் கண்ணால பாத்தேன். உன் பேரச் சொல்லித்தான் அழுதுச்சு. வருஷத்தோட பேரச் சொல்லல."

மாதேஸ் அதற்குப் பிறகு ஒப்பிக்கவில்லை.

அட்சய வருஷம் பிறந்த அன்று காலை, ஆம்ப்ளிஃபயர் பெட்டியை அவனும் குழாயைப் பாஷாவும் தூக்கிக்கொண்டு மொரப்பூர் கிளம்பினார்கள். மொரப்பூரில் என் ஓரகத்தி இருக்கிறாள். அவளைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று அன்றைக்குத்தான் எனக்கு நினைவு வந்தது. யாரும் நம்பவில்லை.

தர்மன் வீட்டு வேப்பமரத்தில் குழாயைக் கட்டினார்கள். தெருவே கூடிவிட்டது. மாதேஸ் மைக்கைப் பிடித்தான். பிடித்ததும், "அலோ, அலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்றான். பழக்கதோஷம். கூட்டம் சிரித்தது, தர்மன் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே கதவோரம் ஒரு சேலைத் தலைப்பு அசைந்தது.

"சென்ற குரோதன வருடத்தின்..." என்று தொடங்கினான். நிறுத்தினான். குழாயில் மூச்சு மட்டும் கேட்டது.

"போன வருஷம் மழை பேயல. அதுக்கு நான் ஒன்னும் பண்ண முடியாதுங்க. பண்டிகைய நிறுத்துனாங்க, அது ஊர் முடிவு. ஆனா சாலம்மாளப் பேசுனது நான்தான். பசிங்கறதும் சாக்கு, வருஷங்கறதும் சாக்கு. வருஷத்துக்கு வாய் கிடையாதுங்க. அது என் வாய்."

தர்மன் தலையைக் குனிந்துகொண்டான். சாலம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"அத அமத்து."

"இன்னும் முடிக்கல..."

"ஊருக்குச் சொன்னது போதும். மீதிய எங்கிட்டச் சொல்லு."

மாதேஸ் சுவிட்சை அணைத்தான். ஒருதரம் பார்த்தான், மறுதரம் பார்த்தான், அதுவும் போதாமல் ஒயரையே பிடுங்கினான். பிறகு அவள் பக்கத்தில் போய் என்னவோ சொன்னான். நான் இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு முன்னே போனேன். அந்த நேரம் பார்த்து ஸ்டேஷன் பக்கம் தடதடவென்று ஒரு சரக்கு ரயில்! அவன் உதடு அசைவதும், அவள் கண்ணைத் துடைப்பதும், கடைசியில் அவன் தோளில் ஒரு அடி வைப்பதும்தான் தெரிந்தது. வண்டி போய் முடிந்தபோது அவள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"ரேடியோவ நீ தூக்கு. எனக்குக் கை வலிக்குது."

எட்டு மாதம் காத்திருந்து, மூன்று மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டுப் போன எனக்கு இதுதான் கிடைத்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பாஷாவிடம் கேட்டேன். "நான் ஒயர் சுத்திக்கிட்டு இருந்தங்க்கா" என்றான். சரி என்று மறுநாள் ஒரு கரண்டி சர்க்கரை கேட்கப் போய், சாலம்மாளிடமே நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

சர்க்கரையை நிறையவே அள்ளிக் கொடுத்தாள். "மைக் ஆஃபுல இருந்துச்சுல்லக்கா" என்றாள்.